அம்மாவுக்கு ஆர்வம் இல்லை என்று யார் சொன்னது?

வாசகர் கடிதம்:

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். ஜனவரியில் திங்கட்கிழமையும் சேர்ந்து விடுமுறை வருகிறது. அந்த மூன்று நாளுக்குக் கொலம்பியாவில் உள்ள கார்த்தஹேனா போக டிக்கெட் எடுத்துவிட்டோம். நான், கணவர், ஐந்து வயது மகன், பத்து மாதப் பெண் குழந்தை, என் அம்மா. நான் வேலைக்குத் திரும்பியபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகஸ்டில் வேதாரண்யத்திலிருந்து அம்மா வந்தார். வயது 67, மூட்டுவலி உண்டு. பயணம் முடிந்த வியாழக்கிழமையே ஊருக்குத் திரும்புகிறார். கார்த்தஹேனாவில் பழைய நகரத்தின் மதிலுக்குள் தங்குவதா, கடற்கரைப் பக்கம் போகாகிராந்தேயில் தங்குவதா? ஒரு முழு நாள் ரொசாரியோ தீவுகள், ஒரு நாள் கோட்டையும் பழைய நகரமும், கடைசி நாள் தொத்தூமோ எரிமலையில் சேற்றுக் குளியல் என்று திட்டம். அம்மாவுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை, ஹோட்டல் அறையில் குழந்தையோடு இருந்துகொள்வார். திட்டம் சரியா? வேறு எதையாவது சேர்க்கலாமா?

பதில்:

உனக்கு என் மகள் வயது. ஒருமையிலேயே எழுதுகிறேன்.

எங்கே தங்குவது, எதைச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறாய். நான் நின்றுபோனது நீ கேட்காத ஒரு வரியில். "அம்மாவுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை." இதை உன்னிடம் யார் சொன்னது? அம்மா சொல்லியிருந்தால் "அம்மா வரவில்லை என்கிறார்" என்று எழுதியிருப்பாய். அவரிடம் கேட்காமலே அவர் பதிலை நீயே எழுதிக்கொண்டாய். எதில் ஆர்வம் இல்லை? அந்த ஊரின் பெயரையாவது அவர் காதில் போட்டாயா? எந்த நாட்டில் இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

எத்தனையோ வருஷமாக இதே வரி வெவ்வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. அப்பாவுக்குக் கூட்டம் ஒத்துக்காது, அத்தைக்கு வெளிச்சாப்பாடு பிடிக்காது, பாட்டிக்கு வீட்டில் இருப்பதுதான் நிம்மதி. பெரியவர்களின் விருப்பம் எப்போதும் பிள்ளைகளின் வசதிக்குத் தோதாகவே அமைந்துவிடுகிறது. அது எப்படி?

பேத்தியை மடியில் போட்டுக்கொள்வது பாட்டியின் சந்தோஷம். அதை யாரும் பிடுங்க வேண்டாம். ஆனால் காலை எட்டு மணிக்கு நீங்கள் படகு ஏறி, சாயங்காலம் திரும்பும் வரை, பாஷை தெரியாத ஊரில், நான்கு சுவருக்குள், பத்து மாதக் குழந்தைக்குச் சோறூட்டி, கழுவிவிட்டு, தூங்கவைத்துக் காவல் இருப்பதற்கு வேலை என்று பெயர். ஐந்து மாதமாக அந்த வேலையைத்தான் அவர் பார்க்கிறார். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்திருப்பாய். சுற்றுலாவுக்கும் இந்த வேலையை மூட்டை கட்டிக் கூடவே கொண்டுபோகிறாய்.

இன்னொன்றும் உனக்குத் தோன்றவில்லை. வரைபடத்தை எடுத்து வேதாரண்யத்தில் விரலை வை. நேர் மேற்காக இழுத்துக்கொண்டே போ. ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், வெனிசுவேலா எல்லாம் தாண்டி மறுபடி கடல் வரும் இடத்தில் கார்த்தஹேனா இருக்கும். இரண்டு ஊரும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10.4 டிகிரி. அதே வெயில், அதே தென்னை, அதே உப்புக்காற்று. நவம்பரிலிருந்து உன் அம்மா எத்தனை நாள் வாசல் தாண்டினார் என்று விரல்விட்டு எண்ணிப் பார். ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடந்த மனுஷிக்கு, உடம்புக்குப் பழகிய சூடு முதல் தடவையாகக் கிடைக்கப்போகிறது. நீ அங்கே கொண்டுபோய் ஏசி அறையில் வைத்துக் கதவைச் சாத்தப் பார்க்கிறாய்.

மூட்டுவலி என்கிறாய். சரி, அந்த மூட்டை வைத்தே மூன்று நாளையும் போடுவோம்.

மதிலுக்குள் தங்கு. போகாகிராந்தே முழுக்க உயர மாடிக் கட்டடங்கள். பழைய ஊரைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் டாக்சி ஏற வேண்டும். மதிலுக்குள் இருந்தால் அரை மணி நடந்து, முட்டி கெஞ்சும்போது அறைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அங்குள்ள சின்ன ஹோட்டல்கள் பலவும் பழைய ஸ்பானிய வீடுகள். படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இருக்காது. தரைத்தள அறைதான் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேள். நடைபாதை குறுகல் என்பதால் தள்ளுவண்டி இழுபடும். குழந்தையை உன் கணவர் நெஞ்சில் கட்டிக்கொள்ளட்டும். வெளியே போவதைக் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நாலரைக்கு மேலும் வைத்துக்கொள். நடுவில் எல்லோரும் தூங்குங்கள், அம்மா மட்டுமல்ல.

முதல் நாள் சாயங்காலம் மதில் மேல் ஏறுங்கள். பெத்ரோ தே எரேதியா என்ற ஸ்பானியன் 1533-ல் நிறுவிய ஊர் இது. பெருவிலிருந்து வந்த வெள்ளியும் தங்கமும் இந்தத் துறைமுகம் வழியாக ஸ்பெயினுக்குப் போனதால் கொள்ளைக்காரர்கள் கண் எப்போதும் இதன் மேல். 1586-ல் பிரான்சிஸ் டிரேக் ஊரைப் பிடித்து, பணயத்தொகை வாங்கிக்கொண்டுதான் போனான். அதற்குப் பிறகு கட்டத் தொடங்கிய மதில் முடிய 1796 ஆனது. பீரங்கியை உருட்டி ஏற்றுவதற்காகச் சரிவுப்பாதைகள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். படி ஏற முடியாத உன் அம்மா அந்தச் சரிவில் மெதுவாக நடந்து மேலே போய்விடலாம். வேதாரண்யத்தில் சூரியன் கடலிலிருந்து எழும். இந்த மதிலில் உட்கார்ந்தால் அதே சூரியன் கடலுக்குள் இறங்கும். ஜனவரியில் மழை இருக்காது, காற்று நன்றாக வீசும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ஒரு மணி நேரம் அங்கே சும்மா உட்காரட்டும். அந்த ஒரு மணி நேரமும் குழந்தை உன் மடியில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை மணிக்கூண்டு வாசலுக்குப் போங்கள். எதிரே வளைவுகளுக்குக் கீழே வரிசையாக மிட்டாய்க் கடைகள். ஊர்க்காரர்கள் அதை இனிப்பு மண்டபம் என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். பெரிய கண்ணாடி ஜாடிகளில் தேங்காய் மிட்டாய், சர்க்கரையில் புரட்டிய புளி உருண்டை. அலெக்ரியா என்று ஒன்று இருக்கும், மறக்காமல் வாங்கு. பொரித்த சிறுதானியத்தை வெல்லப்பாகில் போட்டு, தேங்காயும் சோம்பும் சேர்த்துப் பிடித்த உருண்டை. அம்மா கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்த கை அது. பாகு எந்தப் பதத்தில் இறக்கியது என்று ஒரு கடி கடித்ததும் அவரே சொல்லிவிடுவார். அந்தக் கடைக்காரப் பெண்ணிடம் நீ பேசுவதைவிட அவர் கைஜாடையில் பேசுவது நன்றாகவே புரியும்.

அந்த மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை விற்றார்கள். பையனுக்கு ஐந்து வயதுதான், ஆனாலும் சொல். பழத்தட்டைத் தலையில் வைத்து, வண்ணப் பாவாடை கட்டி நடக்கும் பெண்களைப் பார்ப்பாய். தப்பி ஓடிய அடிமைகள் உருவாக்கிய பலென்கே என்ற கிராமத்தின் வழிவந்தவர்கள் அவர்கள். படம் எடுக்குமுன் கேள், எடுத்தால் காசு கொடு. அவர்கள் பிழைப்பு அது.

அங்கிருந்து சில நிமிட நடையில் புனித பெத்ரோ கிளாவெர் தேவாலயம். வேறு எதை விட்டாலும் இதை விடாதே. கிளாவெர் 1610-ல் இங்கே வந்த இயேசு சபைக்காரர். அடிமைக் கப்பல் துறைக்கு வந்ததும் துபாஷிகளைக் கூட்டிக்கொண்டு, தண்ணீரும் உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டு கப்பலின் அடித்தளத்துக்குள் இறங்குவார். புண்ணும் நாற்றமுமாகக் கிடந்தவர்களைத் துடைத்துவிடுவார். நாற்பது வருஷம் இதைச் செய்தார். "என்றும் அடிமைகளின் அடிமை" என்றே கையெழுத்துப் போட்டார். அவருடைய எலும்புகள் பலிபீடத்தின் கீழே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீ பக்கத்து மடத்துக்குள் போய் அவர் வாழ்ந்த அறையைப் பார்.

கடைசி நான்கு வருஷம் கை கால் நடுங்கி, எழ முடியாமல் அந்த அறையில்தான் கிடந்தார். பார்த்துக்கொள்ள அமர்த்திய ஆள் சோறுகூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. ஊர் மறந்துபோனது. 1654-ல் சாகக் கிடக்கிறார் என்று தெரிந்ததும் அதே ஊர் முண்டியடித்து வந்து, அறையில் இருந்த சாமான்களை எல்லாம் புனிதரின் நினைவாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனது. அவர் இறந்தது செப்டம்பர் 8, வேளாங்கண்ணித் திருநாள். உன் அம்மாவிடம் இதைச் சொன்னால் அவர் மறக்கமாட்டார். நீயும் அந்த அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. உன் ஹோட்டல் அறையை நினைத்துக்கொண்டு நில்.

மத்தியானம் மீன் சாப்பிடுகிற வீடு என்றால் முழு மீன் வறுவலும் தேங்காய்ச் சோறும் சொல்லுங்கள். தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரிந்து கசடு சிவக்கும் வரை காய்ச்சி, அதில் அரிசியைப் போட்டு வேகவைக்கிறார்கள். சோறு பழுப்பாகவும் லேசாகத் தித்திப்பாகவும் இருக்கும். கூடவே வாழைக்காயைத் தட்டி இரண்டு முறை பொரித்த பத்தகோன். ஆர்வம் இல்லாதவர் என்றாயே, அந்தச் சோற்றை எப்படிச் செய்தார்கள் என்று அவர் உன்னைக் குடைந்தெடுக்காவிட்டால் பார்.

சான் பெலிப்பே கோட்டைக்குப் பையனும் அப்பாவும் காலை திறந்ததும் போகட்டும். நிழலே இல்லாத நீண்ட ஏற்றம் அது. சுரங்கப்பாதைகளைப் பையன் விடமாட்டான். கீழே பிளாஸ் தே லேசோ என்ற ஸ்பானியக் கடற்படைத் தளபதியின் சிலையைக் காட்டச் சொல். ஒற்றைக் கால், ஒற்றைக் கண், ஒரு கை செயலிழந்தவர். 1741-ல் 180-க்கு மேற்பட்ட கப்பல்களோடு வந்த ஆங்கிலேய அட்மிரல் வெர்னானைத் திருப்பி அனுப்பியவர். நீயும் அம்மாவும் குழந்தையும் அந்த நேரத்தில் டாக்சி பிடித்து லா போபா மலைக்குப் போங்கள். வண்டி உச்சியில் இருக்கும் மடத்தின் வாசல் வரை போகும். ஊர், துறைமுகம், கடல் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியும். நடந்து ஏறும் யோசனை வேண்டாம், வழி பாதுகாப்பில்லை. இந்த ஊர் டாக்சியில் மீட்டர் கிடையாது. ஏறுமுன் தொகையைப் பேசிக்கொள், திரும்பி வரக் காத்திருக்கவும் சேர்த்து.

தீவுகளை விட்டுவிடு. ஜனவரிக் காற்றில் விரைவுப்படகு அலைக்கு அலை தூக்கிப் போடும், 67 வயது முதுகுக்கு அது ஆகாது. உன் கணவரும் பையனும் ஆசைப்பட்டால் அரை நாள் போய்வரட்டும். நீ போகாதே. சேற்றுக் குளியலையும் திட்டத்திலிருந்து அடித்துவிடு.

வெர்னானை முறியடித்ததில் லேசோவுக்குப் பாதிப் பங்கு, மஞ்சள் காய்ச்சலுக்குப் பாதிப் பங்கு. அந்தக் காய்ச்சல் உன் பயணத்திலும் குறுக்கே வருகிறது. அது இருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா கொலம்பியாவை வைத்திருக்கிறது. கொலம்பியாவை விட்டுக் கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தலாம். திங்கட்கிழமை கார்த்தஹேனா, வியாழக்கிழமை ஊருக்கு விமானம் என்று போட்டிருக்கிறாய். மூட்டுவலியோடு தனியாகப் போகும் அம்மாவை விமான நிலையத்தில் உட்காரவைக்கப் போகிறாயா? அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல், டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. எனவே அம்மாவின் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடு. தள்ளிய அந்த வாரத்துக்கு நீ லீவு எடு. கிளம்பும் வாரத்திலாவது அவர் குழந்தையின் பின்னால் ஓடாமல் பெட்டி கட்டட்டும்.

அவர் அமெரிக்க விசாவில் குறைந்தது 180 நாள் பாக்கி இருக்கிறதா பார். இருந்தால் கொலம்பியா தனி விசா கேட்காது. நீயும் உன் கணவரும் விசாவில் இருப்பவர்கள் என்றால், பாஸ்போர்ட்டில் முத்திரை காலாவதியாகியிருந்தால் அமெரிக்காவுக்குள் திரும்பி நுழைய முடியாது, அதையும் இன்றே எடுத்துப் பார். பயணத்துக்கு 72 மணி நேரத்துக்குள் கொலம்பியக் குடிவரவுத் துறையின் செக்-மிக் படிவத்தை ஒவ்வொருவருக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் அம்மா பக்கத்தில் உட்கார். போனில் அந்த மதிலையும் கடலையும் காட்டு. "உனக்கு என்னம்மா பார்க்கணும்?" என்று கேள். "எனக்கென்னடி, நீங்க போயிட்டு வாங்க, நான் புள்ளையப் பாத்துக்கறேன்" என்பார். எழுந்து போய்விடாதே, இன்னொரு தடவை கேள். அப்போது என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.