பெங்களூருக்குப் போகும் எலிப்படை

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து, பெயர் வேண்டாம் என்ற குறிப்போடு, 34 வயது வாசகர் ஒருவர் எழுதுகிறார். "சிறு பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடும் ஏஜ் ஆஃப் சிக்மார் என்னும் மேசைப் போர் விளையாட்டை நானும் மூன்று நண்பர்களும் இரண்டு ஆண்டுகளாக விளையாடி வருகிறோம். 2024-இல் வந்த, இரண்டு படைகள் அடங்கிய ஸ்கேவன்டைடு பெட்டியை ஒரு நண்பரோடு பங்கு போட்டு வாங்கி, எலிமனிதர்களான ஸ்கேவன் படையை நான் எடுத்துக்கொண்டேன். வண்ணார்பேட்டையில் நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஆட்டம் நடக்கும். ஓர் ஆட்டம் முடிய ஐந்து மணி நேரம் ஆகும். ஆவணியில் பெங்களூரில் இரண்டு நாள் போட்டி இருக்கிறது. ஒவ்வொரு பிரிவின் மதிப்பையும் கூட்டினால் 2000 பாயின்ட் வரும் படை, ஐந்து ஆட்டங்கள், ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம். இன்னும் ஐந்து வாரங்களே உள்ளன. பதினெட்டு எலிகளுக்கு இன்னும் வண்ணம் பூசவில்லை. எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஐந்து ஆட்டத்திலும் தோற்றுக் கடைசி இடத்தில் நிற்பேனோ என்று கூச்சமாக இருக்கிறது. 'பொம்மை விளையாட இரண்டு நாள் லீவா?' என்று மனைவியும் கேட்கிறாள். போகலாமா, வேண்டாமா?"

பதில்: போங்கள். பணத்தை இன்றே கட்டி இடத்தைப் பதிந்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் தோல்வி, ஆங்கிலம், வண்ணம் என்று பல கவலைகள் இருக்கின்றன. ஆனால் நான் கவலைப்பட்ட இடம் வேறு. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட "ஐந்து மணி நேரம்" என்ற சொல்தான் அது.

போட்டியில் உங்கள் நேரம் உங்களுடையது மட்டுமல்ல. இரண்டரை மணி நேரம் என்பது 150 நிமிடம். வணக்கம் சொல்லி, மேசையில் இருக்கும் பாறைகளும் இடிந்த சுவர்களும் எந்த விதிக்குள் வரும் என்று பேசி, இருவரும் படையை நிறுத்தி முடிப்பதற்குள் இருபது நிமிடம் போய்விடும். மீதி 130 நிமிடம். ஐந்து சுற்று, சுற்றுக்கு இருவருக்கும் ஒவ்வொரு முறை, ஆகப் பத்து முறை. ஒரு முறைக்குக் கிடைப்பது பதின்மூன்று நிமிடம். அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்குள் அறுபது எலிகளை நகர்த்தி, மந்திரம் ஓதி, சுட்டு, பாய்ந்து, சண்டையும் போட்டாக வேண்டும். உங்கள் முறையில் நீங்கள் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டால், மிச்சப் பன்னிரண்டு நிமிடத்தை எதிரே நிற்பவரின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்றுதான் பொருள். அவரும் உங்களைப் போலவே லீவு போட்டு, ரயிலேறி வந்தவர்.

இதை அனுபவித்து எழுதுகிறேன். நான் முதன்முதலாகப் போட்டிக்குப் போனபோது, என் படையின் விதிகள் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் ஆட்டத்தின் முதல் முறையில், ஒவ்வொரு பிரிவையும் தொடும்போதெல்லாம் புத்தகத்தைப் புரட்டி நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். எதிரே நின்ற பெரியவர் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. இரண்டாம் சுற்று முடிகையில் மணி அடித்துவிட்டது. பாதி ஆட்டத்துக்கான புள்ளிகளோடு இருவரும் கைகுலுக்கிப் பிரிந்தோம். அவர் மூன்றாம் சுற்றுக்காக ஒதுக்கி வைத்திருந்த டிராகன், மேசைக்கே வராமல் பெட்டிக்குத் திரும்பியது. அதை அவர் பஞ்சில் பொதிந்து வைத்ததை நின்று பார்த்தேன். அந்த ஆட்டத்தில் நான் தோற்றேனா வென்றேனா என்பது இன்று நினைவில் இல்லை, டிராகன் நினைவிருக்கிறது.

ஆகவே இந்த ஐந்து வாரமும் உங்கள் முதல் வேலை ஆட்டத்தைச் சுருக்குவதுதான். வரும் ஞாயிறு மாடியில் செஸ் கடிகாரம் ஒன்றை வையுங்கள். செல்போனிலும் அதற்கான ஆப் உண்டு. ஆளுக்கு 75 நிமிடம். முதல் ஞாயிறு மூன்றாம் சுற்றில் நேரம் தீர்ந்துவிடும். மனம் தளர வேண்டாம். எங்கே நேரம் கரைகிறது என்பதை நண்பர் ஒருவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது யோசனையில் கரைவதில்லை, மூன்று சில்லறை இடங்களில்தான் கரையும். ஒன்று, விதியைத் தேடுவது. ஒவ்வொரு பிரிவுக்கும் அரைப்பக்கத்தில், எந்தக் கட்டத்தில் எந்தத் திறன் என்ற வரிசையில் கைப்படத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே பாதி மனதில் பதிந்துவிடும். இரண்டு, பகடை. இருபது பகடையைக் கையில் எண்ணி எண்ணி எடுக்காமல், பத்துப் பத்தாக இரண்டு நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு தவறியவற்றை அகற்றிவிட்டு, பட்டவற்றை எதிராளி பார்க்கும்படி மேசையிலேயே விட்டுவையுங்கள். அவற்றையே அள்ளி அடுத்த வீச்சைப் போடலாம்.

மூன்றாவதுதான் உங்கள் படைக்குப் பெரிய சங்கடம்: நகர்த்துவது. இருபது எலிகளில் ஒவ்வொன்றுக்கும் டேப்பை நீட்டினால் பொழுது விடிந்துவிடும். முன்வரிசையில் நான்கு எலிகளை மட்டும் துல்லியமாக அளந்து வையுங்கள். மற்றவற்றைப் பின்னாலிருந்து கையால் அள்ளி, முன்வரிசையைத் தாண்டாமல் நிரப்புங்கள். அப்படிச் செய்வதற்கு முன், "முன்வரிசையை அளந்துவிட்டேன், பின்னால் நிரப்புகிறேன், சரிதானே?" என்று கேளுங்கள். மறுப்பவர் அரிது.

இந்தக் கேட்கும் பழக்கம் நேரத்தை மிச்சப்படுத்துவதைவிடப் பெரிய வேலையொன்றையும் செய்கிறது. நான்கு பேர் இரண்டு ஆண்டுகள் ஒரே மாடியில் விளையாடினால், பேசாமலேயே புரிந்துகொள்ளும் வழக்கங்கள் உருவாகிவிடும். முன்பின் அறியாதவரிடம் அவை செல்லாது. சாய்ந்து நிற்கும் பகடையை மறுபடி போடுவதா, மேசையிலிருந்து உருண்டு விழுந்தது செல்லுமா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். தூரத்தை, உருவம் நிற்கும் பீடத்தின் விளிம்பிலிருந்து விளிம்புக்குத்தான் அளக்க வேண்டும். உங்கள் மாடியில் ஈட்டி நுனியிலிருந்து அளக்கும் வழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிரிவை நகர்த்தும்போது நோக்கத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "உங்கள் வில்லாளிகளின் 18 அங்குலத்துக்கு வெளியே இதை நிறுத்துகிறேன், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அவரும் ஒப்புக்கொண்டுவிட்டால், பத்து நிமிடம் கழித்து அவருடைய முறையில் ஒரு நூலிழை தூரத்துக்காக வழக்காட வேண்டியிருக்காது. அவர் உங்கள் படையைப் பற்றி எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதிராளி அறியாமல் வைத்த பொறியில் அவரை விழவைத்து வெல்வதை நான் வெற்றியாக மதிப்பதில்லை. அனுபவமுள்ள ஆட்டக்காரர்களும் மதிப்பதில்லை. கருத்து வேறுபட்டால் இருவருமாக விதியைப் படித்துப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் நடுவரைக் கூப்பிடுங்கள். நடுவரைக் கூப்பிடுவது எதிராளி மீது குற்றம் சாட்டுவது ஆகாது.

ஆங்கிலம் குறித்த அச்சமும் இதோடு சேர்ந்ததுதான். மேசையில் நீங்கள் பேச வேண்டிய வாக்கியங்கள் மொத்தம் இருபதைத் தாண்டாது. "மூவ்", "சார்ஜ்", "சேவ்" என்று விளையாட்டின் சொற்களை ஏற்கனவே ஆங்கிலத்தில்தான் சொல்லி வருகிறீர்கள். நோக்கத்தைச் சொல்வதற்கும், அனுமதி கேட்பதற்கும், மறந்துவிட்ட ஒன்றை இப்போது செய்யலாமா என்று கேட்பதற்கும் உரிய வாக்கியங்களை எழுதிவைத்து, மாடியில் விளையாடும்போதே உரக்கச் சொல்லிப் பழகுங்கள். இலக்கணம் யாருக்கும் பொருட்டல்ல. விரலால் காட்டி எண்ணைச் சொன்னாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

கடைசி இடம் பற்றி. இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895-இல் சூரிச் செஸ் போட்டியில் தொடங்கிய முறை இது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடின் பதினொரு சுற்றுகளும் இப்படித்தான் நடந்தன. தோற்றவர் வெளியேற்றப்படுவதில்லை, ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்றவர்களை அடுத்த ஆட்டத்தில் எதிரெதிரே நிறுத்துவார்கள். முதல் இரண்டு ஆட்டங்களில் தேர்ந்தவர்களிடம் நீங்கள் சிக்கித் தோற்றாலும், மூன்றாவது ஆட்டத்தில் பெரும்பாலும் உங்களைப் போலவே இரண்டு ஆட்டம் தோற்றவர்தான் எதிரே நிற்பார். அவருக்கும் அது முதல் போட்டியாக இருக்கலாம். என் அனுபவத்தில், நல்ல நட்புகள் கீழ் மேசைகளில்தான் கிடைத்தன. ஐந்தில் ஓர் ஆட்டமாவது வெல்வது உங்களால் முடியக்கூடியதே.

வெல்வதற்கு ஒரு கணக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எதிரிப் பிரிவின் மீது பாயும் 'சார்ஜ்' என்ற பாய்ச்சலுக்கு இரண்டு பகடை போடுகிறோம், விழும் எண்ணே பாயக்கூடிய அங்குலம். ஏழோ அதற்கு மேலோ விழ 36-இல் 21 வாய்ப்பு, ஒன்பதோ அதற்கு மேலோ விழ 36-இல் 10 வாய்ப்பு. அதாவது, ஒன்பது தேவைப்படும் பாய்ச்சலை நான்கு முறை முயன்றால் ஏறத்தாழ மூன்று முறை தவறும். தாயக்கட்டையை உருட்டி, தாயம் விழும்வரை காயை இறக்க முடியாமல் காத்திருந்து வளர்ந்த நமக்கு, இந்த முறை விழுந்துவிடும் என்ற நம்பிக்கை எளிதில் வந்துவிடுகிறது. தவறினாலும் படை சிதறாது என்ற நிலையில் மட்டும் ஒன்பதுக்குப் போடுங்கள். தவறிவிட்டால், பகடையைப் பற்றி எதிராளியிடம் புலம்பாதீர்கள். அவர் திட்டமிட்டு ஆடியதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

இனி பதினெட்டு எலிகள். பல போட்டிகளில் வண்ணம் பூசிய படைக்குத் தனிப் புள்ளி உண்டு. சில போட்டிகளில் பூசாதவற்றை அனுமதிப்பதே இல்லை. அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். பாயின்ட் மதிப்புகள் ஆண்டில் சில முறை மாறுவதால், எந்தத் தேதி வரை வெளியான திருத்தங்கள் செல்லும், படைப்பட்டியலை எந்த நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இது ஆடி மாதம். மொட்டை மாடியில் அடிப்பூச்சான ப்ரைமர் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். சாரல் காலத்துக் காற்றில் அது உருவத்தைச் சேருமுன்பே உலர்ந்து, எலியின் முகமெல்லாம் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடும். காற்று எழும்பாத விடியற்காலையில் அடியுங்கள். இல்லையேல் தூரிகையால் பூசுங்கள். உரோமத்துக்கு ஒரு பழுப்பு, துணிக்கு ஒரு நிறம், ஆயுதத்துக்கு ஒரு உலோக நிறம், மேலே பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த பழுப்பு வாஷ், இவ்வளவு போதும். இந்த வெயிலில் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும் என்பதால், டிபன் பாக்ஸ் மூடியில் நனைத்த டிஷ்யூவை விரித்து, அதன்மேல் கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாளைப் போட்டு அதில் வண்ணத்தைக் குழையுங்கள். பீடத்துக்கு மட்டும் கடையில் எதையும் வாங்க வேண்டாம். உடன்குடிப் பக்கத்துத் தேரி மண் ஒரு கைப்பிடி கிடைத்தால், டீ வடிகட்டியில் சலித்து ஃபெவிகால் தடவி ஒட்டுங்கள். அந்தச் செம்மண் நிறத்தில் நிற்கும் எலிப்படை போன்ற ஒன்று அந்த மண்டபத்தில் வேறு எவரிடமும் இருக்காது.

ரயிலில் உருவங்களைக் கொண்டுபோகப் பழைய டிரங்குப் பெட்டியே சிறந்தது. ஐந்து மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தத்தைப் பீடத்தின் அடியில் ஒட்டிவிட்டால், தகரத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். எவர்சில்வர் பாத்திரத்தை நம்பாதீர்கள். பெரும்பாலான எவர்சில்வரில் காந்தம் பிடிக்காது. அடுக்கு வேண்டுமானால் ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. தகடு வெட்டித் தருவார்கள். ஒடிந்த வாலை ஒட்டப் பசைக்குழாய் ஒன்றும் உடன் இருக்கட்டும். நாகர்கோவிலிலிருந்து நெல்லை வழியாகப் போகும் பெங்களூரு இரவு ரயிலில், போட்டிக்கு முந்தின நாள் காலையே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள். ரயிலில் தூங்காத கண்ணோடு மூன்று ஆட்டம் ஆட முடியாது. முதல் நாள் முழுவதும் ஏறத்தாழ நின்றுகொண்டேதான் இருப்பீர்கள், ஆகையால் பழகிய செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டையும் தவிர்க்காதீர்கள்.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது என்றே கருதுகிறேன். இது பொம்மை விளையாட்டு அல்ல என்று வாதிட வேண்டாம். 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் இப்படியொரு விளையாட்டில் போர்க்கலை பயின்றார்கள் என்பதும், 1913-இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களை வைத்து விளையாடுவதற்கு விதிப்புத்தகமே எழுதினார் என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் மனைவி உங்களிடம் வரலாறு கேட்கவில்லை. இரண்டு நாள் லீவையும் வீட்டுப் பணத்தையும் பற்றிக் கேட்கிறார். நுழைவுக் கட்டணம், ரயில், தங்குமிடம், சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். அந்த அளவுக்கு இந்த ஆண்டு புதிய பெட்டி எதுவும் வாங்குவதில்லை என்றும் அதே தாளில் எழுதுங்கள், எழுதியபடி நடங்கள். இயன்றால் வரும் ஞாயிறு மாடிக்கு அவரையும் அழைத்துப்போய், கடிகாரத்தை அவர் கையில் கொடுங்கள். உங்கள் நேரம் எங்கே கரைகிறது என்று குறித்துக்கொள்ள, நண்பரைவிட அவர் பொருத்தமானவராக இருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எந்தச் சுற்றில் நின்றது, மூன்றாம் ஞாயிறு எந்தச் சுற்றில் நின்றது என்று எனக்கு எழுதுங்கள். எண்கள் மட்டும் போதும்.