சஃபாரிக் கணக்கில் ஒரு பூஜ்யம்

அன்புள்ள சார்,

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நானும் மனைவியும் அப்பாவும் கென்யா போகலாம் என்று இருக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது. டிவியில் விலங்குப் படம் ஓடினால் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்துவிடுவார். அம்போசெலியில் ஒரு இரவு, நகுருவில் ஒரு இரவு, மசாய் மாராவில் இரண்டு இரவு, பிறகு சான்சிபார் தீவில் மூன்று இரவு என்று திட்டம். எக்செலில் போட்டுப் பார்த்தால் கையிருப்பைத் தாண்டிப் போகிறது. இரண்டு சஃபாரி நிறுவனங்களிடம் விலை கேட்டேன். திட்டமும் தங்கும் இடமும் ஒன்றுதான், ஆனால் ஒருவர் 900 டாலர் குறைத்துச் சொல்கிறார். அவரையே பிடித்துக்கொள்ளலாமா? பலூன் பயணத்தையும் பெரிய கேமரா லென்ஸையும் விட மனமில்லை. வேறு எங்கே குறைக்கலாம்? கணக்கை இணைத்திருக்கிறேன். விலங்கு பார்க்க இவ்வளவு செலவு செய்வது தப்போ என்றும் சில சமயம் தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பில்லை. காலமெல்லாம் டிவியில் பார்த்த யானைக் கூட்டத்தை அப்பா நேரில் பார்க்கட்டும். யானை புல்லைப் பிடுங்கும் சத்தம் வண்டிக்குள் கேட்கும். அதை அவர் கேட்கட்டும். சம்பாதித்த பணத்தை அப்பாவுக்காகச் செலவழிக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்காதீர்கள்.

ஆனால் உங்கள் கணக்கைத் திறந்ததும் எனக்குக் கோபம் வந்தது. கடைசி வரிசையில் "டிரைவர் டிப்ஸ்: 0" என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

முதலில், ஊர்களைக் குறையுங்கள். அம்போசெலியிலிருந்து நகுரு போக ஒரு பகல் போய்விடும். அங்கிருந்து மாரா போக இன்னொரு பெரும் பகுதி. 72 வயது மனிதரை எதற்காக இப்படி உலுக்கி எடுக்கிறீர்கள்? சான்சிபாரையும் விடுங்கள். அது வேறு நாடு, தான்சானியா. விமான டிக்கெட், விசா போக, 2024 அக்டோபரிலிருந்து ஆளுக்கு 44 டாலர் கட்டாயக் காப்பீடு வேறு. கடல் எங்கும் போய்விடாது. இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

மாரா ஒன்றே போதும். நான்கு இரவு இருங்கள். ஆகஸ்டில் வேண்டாம். மாரா காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஆகஸ்டில் மூன்று பேர் இரண்டு நாளுக்குக் கட்டும் 1,200 டாலரில் ஜூனில் நான்கு நாள் இருக்கலாம். டிக்கெட் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான். காப்பகத்துக்குள் தங்கினால், கிளம்பும் நாளில் பத்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் இன்னொரு நாள் கட்டணம் விழும். இது உங்கள் எக்செலில் இல்லை. ஜூனில் பெரும்பாலும், இடம்பெயர்ந்து வரும் வைல்டபீஸ்ட் என்ற பெரிய மான்களின் கூட்டம் மாராவுக்கு வந்திருக்காது, உண்மைதான். சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வருடம் முழுக்க அங்கேயே இருப்பவை.

பலூன் வேண்டாம். லென்ஸை வாடகைக்கு எடுங்கள். அறை எத்தனை நட்சத்திரம் என்று பார்க்காதீர்கள், விடியும் முன் கிளம்பிவிடுவீர்கள்.

இனி அந்த 900 டாலர். இரண்டு நிறுவனங்களும் ஒரே திட்டத்துக்கு விலை சொல்கின்றன. பூங்காக் கட்டணம் இருவருக்கும் ஒன்றுதான். அதில் யாரும் தள்ளுபடி தர முடியாது. டீசல் விலையும் ஒன்றுதான். தங்கும் இடமும் ஒன்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 900 டாலர் எங்கிருந்து குறைந்தது? ஒன்று வண்டி பழசாக இருக்கும், இல்லையென்றால் பூங்காவுக்குள் இருக்கும் நேரத்தைச் சுருக்கியிருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் ஓட்டுகிறவரின் சம்பளத்தில் கை வைத்திருக்கிறார்கள். அனேகமாக மூன்றாவதுதான். அந்த மனிதரிடம் போய் உங்கள் பூஜ்யத்தையும் நீட்டப்போகிறீர்கள்.

அவரை டிரைவர் என்று நினைத்துக்கொண்டிருப்பதில்தான் பிரச்சினையே. மாராவில் எனக்கு வாய்த்த வழிகாட்டி ஒரு காலை நேரம் காரணமே சொல்லாமல் இன்ஜினை அணைத்தார். எதிரே கறையான் புற்றின் மேல் ஒரு டோபி மான் நின்றுகொண்டிருந்தது. ரேடியோவில் யாரோ ஸ்வாஹிலியில் மற்ற வண்டிகளை ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒலியைக் குறைத்துவிட்டு, "அது மேயவில்லை, கவனித்தீர்களா?" என்றார். மான் ஒரே திசையைப் பார்த்து அவ்வப்போது மூக்கால் சீறியது. அது பார்த்த பக்கம் வெறும் புல்தான் எனக்குத் தெரிந்தது. வெகுநேரம் கழித்து புல்லுக்கு மேலே இரண்டு கறுப்புப் பொட்டுகள் எழுந்தன. பெண்சிங்கத்தின் காதுகள், பின்பக்கத்திலிருந்து. அதற்குள் எத்தனையோ வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயிருந்தன. ஒன்றும் நிற்கவில்லை.

மத்தியானம் மரத்தடியில் சாப்பிடும்போது தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். அந்த நிறுவனத்தில் மாதச் சம்பளம் கிடையாது, பயணத்துக்கு இவ்வளவு என்று ஏதோ கொடுப்பார்கள், மற்றதை டிப்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டும். டிப்ஸ் வேண்டுமென்றால் வந்தவர்கள் ஆசைப்பட்டதை மாலைக்குள் காட்டியாக வேண்டும். "அங்கே இருந்தால் அந்த மானுக்காக நான் நின்றிருக்க மாட்டேன்" என்றார்.

அப்புறம், இது அவர் வயிற்றோடு முடிகிற விஷயம் இல்லை. அப்படி விரட்டப்படும் ஓட்டுநர் ரேடியோவில் 'சிவிங்கிப்புலி' (சீட்டா) என்று கேட்டதும் பறப்பார். பூனைக் குடும்ப விலங்கு எதையும் ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் சூழக் கூடாது என்பது மாராவின் விதி. ஆறாவதாகவும் பத்தாவதாகவும் வந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். அதன் பசி நேரமும் நம் சவாரி நேரமும் ஒன்று. மாராவில் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் குவியும் பகுதிகளில் அது 0.2. திரும்பப் படியுங்கள். அங்கே ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி தேறுகிறது. தலைக்கு நூறு டாலர் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. உங்களுக்கும்தான்.

ஆகவே பூஜ்யத்தை அழியுங்கள். ஆளுக்கு நாளுக்கு 10 டாலர் வைத்தாலும் மூன்று பேருக்கு நான்கு நாளில் 120 டாலர். பலூனில் ஒரு ஆளுக்கு நீங்கள் போட்டிருக்கும் 450இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைக் கடைசி நாளில் மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்று விடாமல் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

இரண்டு நிறுவனங்களுக்கும் இன்றே எழுதுங்கள். எங்களோடு வரப்போகிற வழிகாட்டி யார், அவருக்கு மாதச் சம்பளமா, பயணத்துக்கு இவ்வளவு என்ற கூலியா, என்ன தரம் என்று கேளுங்கள். கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்குத் தொழில்முறைச் சங்கம் இருக்கிறது. தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. வெள்ளித் தரம் உள்ளவரைக் கேட்டு வாங்குங்கள். ஜூனில் மழைக்காலம் முடிந்து புல் உயரமாக நிற்கும். அதற்குள் படுத்திருக்கும் சிங்கத்தைக் கண்டுபிடிக்க உங்கள் லென்ஸ் உதவாது, அவர் கண்தான் வேண்டும். கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், 900 என்ன, 1,500 டாலர் குறைத்தாலும் அந்த நிறுவனம் வேண்டாம்.

அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கென்யா போய்த் திரும்புகிறவர்களிடம் பல நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கின்றன. சான்சிபாரில் இறங்கினாலும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே அது செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அப்பாவிடம் பயணம் ரத்து என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள். மஞ்சள் காய்ச்சல் இல்லாத தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சொந்தமாகக் கார் ஓட்டிக்கொண்டு போகலாம், செலவும் குறையும். அங்கேயும் பூங்கா நிர்வாகமே வழிகாட்டியோடு காலைச் சவாரி நடத்துகிறது. அதற்கு ஒரு கணக்கு சேர்ந்து போடுவோம்.