எஃப்மாக்-டைபினைல்அலனின்: ஜெல்லுக்குப் பதில் வெள்ளைக் கட்டிகள்

எஃப்மாக்-டைபினைல்அலனின் என்பது இரண்டு ஃபினைல்அலனின் அமினோ அமிலங்களும், ஒரு முனையில் எஃப்மாக் என்ற வேதித்தொகுதியும் கொண்ட, ஜெல்லாகக்கூடிய சிறு பெப்டைடு. அதைக் காரத்தில் கரைத்து அமிலம் விட்டால் ஜெல்லுக்குப் பதில் வெள்ளைக் கட்டிகள் வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதை நிறுத்துங்கள். அதற்குப் பதில் குளுக்கோனோ டெல்டா லாக்டோன் தூள் போடுங்கள். கரைசல் தெளிவாக இருந்து, அமிலம் பட்டதும் கட்டி தட்டுகிறது என்கிறீர்கள். சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் பிஎச் சரிகிறது. நீங்கள் கலக்குவதற்குள் பெப்டைடு அங்கேயே திரிந்துவிடுகிறது. லாக்டோன் தண்ணீரில் மெதுவாகப் பிரிந்து குளுக்கோனிக் அமிலமாவதால் பிஎச் எல்லா இடத்திலும் ஒரே சீராக இறங்கும்.

1 மி.லி.க்கு:

1. பெப்டைடு 5 மி.கி., தண்ணீர் 906 மைக்ரோலிட்டர், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 94 மைக்ரோலிட்டர். இது ஒரு சமானம், அதாவது பெப்டைடும் காரமும் ஏறக்குறைய சம மோல் அளவு. தெளியும்வரை கலக்குங்கள், அவசரம் வேண்டாம்.

2. வேறொரு குப்பியில் லாக்டோன் 2 மி.கி. எடுத்து, கரைசலை அதன்மேல் ஊற்றி, ஒரு சுற்று சுழற்றிவிட்டு வையுங்கள். இரவு முழுக்க அசைக்கக் கூடாது. உருவாகும் இழைவலை அறுந்தால் திரும்ப ஒழுங்காகச் சேராது.

காலையில் குப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். வழியாமல் நின்றால் ஜெல்.

பழைய கட்டிகளை வீசும் முன் ஒரு சோதனை: பிஎச் 10 வரை ஏற்றுங்கள். கரைந்தால் வெறும் வீழ்படிவுதான். கரையாமல் நின்றால், முன்பு காரம் அதிகமாகி எஃப்மாக் தொகுதியே கழன்றிருக்கலாம். அப்போது அந்தக் கரைசல் உதவாது.

செல் வளர்ப்புக்கு என்றால் கவனம்: இந்த ஜெல் அமிலத்தன்மையோடுதான் முடியும். மேலே வளர்ப்பு ஊடகத்தை விட்டு, அதன் நிறம் மஞ்சளாக (அமிலம் மிஞ்சியிருப்பதன் அடையாளம்) மாறாமல் நிற்கும்வரை பலமுறை மாற்றிய பிறகே செல்களைப் போடுங்கள்.