டூமின் ‘லெகசி ஆஃப் ரஸ்ட்’ பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒத்துவருமா?

தொண்ணூறுகளில் டூம் (நரகத்து ஜந்துகளைச் சுட்டுத்தள்ளும் கம்ப்யூட்டர் ஆட்டம்) ஆடியவர், அதற்குப் புதுக் களங்களாகப் பிற்பாடு வந்த லெகசி ஆஃப் ரஸ்டை வாங்கலாமா, பழைய லேப்டாப்பில் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தனியாக வாங்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் டூம், டூம் 2 இரண்டையும் ஒன்றாக்கி மறுபடி வெளியிட்டார்களே, அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்டீம் என்ற ஆன்லைன் ஆட்டக் கடையில் பழைய பதிப்பை முன்பே வாங்கியிருந்தால் இலவசமாக வந்திருக்கும். லைப்ரரியில் தேடிப் பாருங்கள்.

ஆட்டம் அருமை. ஆனால் நம்மைப் போன்றவர்களைத்தான் அது முதலில் கொல்லும்.

நான் டூம் பழகியது சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். வீட்டில் சொன்னது சி புரோகிராமிங் வகுப்பு. மாஸ்டர் டீ குடிக்கக் கீழே இறங்கினால் ஸ்கிரீனில் துப்பாக்கி ஏறிவிடும். இன்ன சத்தம் கேட்டால் இன்ன ஜந்து, இத்தனை குண்டில் விழும் என்பதெல்லாம் அப்போது விரலில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

போன ஐப்பசியில் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு நாளாக மழை, மதியத்திலிருந்து கரண்டும் இல்லை. எட்டு வருஷப் பழைய லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் இந்த ஆட்டம் திணறாமல் ஓடியது, பேட்டரியையும் பெரிதாகக் குடிக்கவில்லை. (உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இதுதான் பதில்.) ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாத அளவுக்குப் பனி. உள்ளே இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கும் அக்கா பையன், தட்டுவடை செட்டைக் கடித்துக்கொண்டு என் தோளுக்கு மேல் பார்க்கிறான்.

கீச்சென்று ஒன்று பறந்து வந்தது. பழைய நரகத்தில் இப்படிப் பறந்து வந்தால் அது லாஸ்ட் சோல், பறக்கும் மண்டையோடு. கிட்டே வரவிட்டு ஷாட்கன்னில் இரண்டு போட்டால் தீர்ந்தது. அதே கணக்கில் நின்றேன். மேலே மோதி வெடித்தது. அது பேன்ஷீ என்ற புது ஜந்தாம். தூரத்திலேயே சுட்டுத் தள்ள வேண்டிய ஜாதி.

“அதான் கத்திக்கிட்டே வருதே மாமா, ஒதுங்க வேண்டாமா?” என்றான்.

அவனிடம் கொடுத்தேன். டூமை அதற்கு முன் தொட்டதே இல்லை, ஆனால் என்னைவிட இரண்டு அறை அதிகம் தாண்டினான். அவனுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லையே.

இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்பது போகப் போகத்தான் உறைத்தது. ஐடி சாஃப்ட்வேர், நைட்டைவ், மெஷின்கேம்ஸ் மூன்று நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஷாட்கன், சூப்பர் ஷாட்கன், ராக்கெட் லாஞ்சர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாற்றியது சில காய்களைத்தான். பிளாஸ்மா ரைஃபிள் இருந்த இடத்தில் நெருப்பைக் கக்கும் இன்சினரேட்டர். பழைய டூமின் பெரிய துப்பாக்கியான பி.எஃப்.ஜி. இடத்தில் கலாமிட்டி பிளேடு. பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டால் அகலமான அரிவாள் வீச்சுபோல வரிசையாக நிற்பதையெல்லாம் சீவிக்கொண்டு போகும். ஆனால் பிடித்திருக்கும் அந்த நேரம் நீங்கள் வெறுங்கை. பி.எஃப்.ஜி.யை நம்பி ஓடிய காலத்தில் இந்தக் கணக்கு வேறு.

எதிரிகளில் என்னை மிகவும் அலைக்கழித்தது மைண்ட்வீவர். பார்த்தால் டூம் 2-இன் அரக்னோட்ரான் மாதிரி சின்ன சிலந்தி. அரக்னோட்ரான் பிளாஸ்மா உருண்டை விடும், பக்கவாட்டில் ஓடினால் தப்பிவிடலாம். இது சுடுவது தோட்டா. கண்ணில் பட்டீர்களென்றால் உடம்பில் பட்டது, ஓடிப் பிரயோஜனமில்லை, தூணுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நான் எத்தனை முறை பக்கவாட்டில் ஓடிச் செத்தேன் என்று பையன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். டைரன்ட் என்று ஒன்று வரும், பழைய டூமின் ராட்சத எதிரி சைபர்டீமனின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மா சுடும் ஷாக்ட்ரூப்பரைச் சாதாரண சிப்பாய் என்று அசட்டை பண்ணாதீர்கள். ஒரு ஜந்து சுட்டது இன்னொரு ஜாதிமேல் பட்டால் இரண்டும் அடித்துக்கொள்ளும் என்ற பழைய தந்திரம் மட்டும் இன்னும் சோறு போடுகிறது.

மொத்தம் 16 மேப் (ஆட்டக் களம்), தி வல்கன் அபிஸ், கவுண்டர்ஃபிட் ஈடன் என்று இரண்டு பாகம். முதல் பாகம் முழுக்க எரிமலைக் குழம்பும் இரும்புமாக இருக்கும். துருப்பிடிக்காத எஃகுக்குப் பேர்போன ஊர்க்காரன் துருவின் பேரில் வந்த ஆட்டத்தில் மாட்டிக்கொண்டதை நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பாகத்தில் மேப்புகள் நீண்டுகொண்டே போகின்றன. சாவியை எடுத்ததும் சுவர் திறந்து கூட்டம் கொட்டுவது முதல் முறை திகில், ஐந்தாவது முறை சலிப்பு. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுகிறவருக்கு இது பெரிய தொந்தரவு. அந்த விஷயத்தில் 1993-இல் வந்த முதல் எபிசோட்தான் இன்றைக்கும் கச்சிதம். நீங்கள் ரொம்ப நாள் விட்டுப்போயிருந்தால் அதை ஒருமுறை ஓட்டிவிட்டு, பிறகு டூம் 2, அதற்கப்புறம் இதற்கு வாருங்கள். கடினத்தில் நடுநிலையான ‘ஹர்ட் மீ பிளென்டி’ போதும். அன்றைக்கு அதைவிடக் கடினமான அல்ட்ரா வயலன்ஸ் ஆடினேன் என்ற ரோஷமெல்லாம் வேண்டாம். நான் பட்டுவிட்டேன்.

இப்போது இரண்டாம் பாகத்தில் பாதியில் நிற்கிறேன். பையன் முடித்துவிட்டான். சனிக்கிழமை மலையேறும்போது லேப்டாப்பையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான், “நான் வழி சொல்றேன், நீங்க சுடுங்க மாமா” என்று.