பனைமலை உமை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வீடு முத்தியால்பேட்டையில். பள்ளி நாட்களிலிருந்தே வரைகிறேன். ஆனால் கைப்பேசியில் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் என்னால் வரைய முடிகிறது. எதையும் பார்க்காமல் உட்கார்ந்தால் தாள் வெறுமையாகவே கிடக்கிறது. எனக்குக் கற்பனையே இல்லையோ என்று அஞ்சுகிறேன். வேலையை விட்டுவிட்டு அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கச் சேரலாமா? செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் தரும் காலத்தில் இதற்கெல்லாம் பொருள் உண்டா? என் ஓவியங்கள் சிலவற்றை இணைத்திருக்கிறேன்.

க., புதுச்சேரி

அன்புள்ள க.,

வேலையை விடாதீர்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை.

ஓவியங்களைப் பார்த்தேன். உங்கள் கோட்டில் தயக்கமில்லை. அது எளிதில் வருவதல்ல. ஆனால் பெரும்பாலானவற்றில் பிரெஞ்சுத் தெருவின் மஞ்சள் சுவரும் அதன்மேல் சரியும் காகிதப்பூவுமே இருக்கின்றன. வார இறுதியில் வந்துபோகிறவர்கள் பார்க்கும் ஊர் அது. முத்தியால்பேட்டையில் வாழும் நீங்கள் உங்கள் தெருவை ஒருமுறைகூட வரையவில்லை என்பது எனக்குக் கோபத்தையே தந்தது. கடற்கரைப் படங்களில் படகுகள் முழுக் கறுப்பாக இருக்கின்றன. நம் கரையில் சூரியன் கடலுக்குமேல் நமக்கு எதிரே எழுவதால் கைப்பேசி படகைக் கறுப்பாக்கிவிடுகிறது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் சற்றுப் பொறுமையாக நின்று பார்ப்பவருக்கோ அந்தக் கறுப்புக்குள் நீலமும், ஈர மணலிலிருந்து படகின் அடிப்புறத்தில் ஏறும் வெளிச்சமும் தெரியும். பார்க்கும் வேலையைக் கருவியிடம் கொடுத்துவிட்டு, கற்பனை வரவில்லை என்று வருந்துகிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது பனைமலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். விழுப்புரம் மாவட்டத்தில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் அங்கே ஒரு குன்றின்மேல் இருக்கிறது. அதன் சிற்றாலயம் ஒன்றின் சுவரில், குடையின் கீழ், ஒரு காலை மடித்துத் தலையைச் சாய்த்து உமை ஓவியமாக நிற்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருப்பது சிவனின் நடனம். அந்த நடனம் ஏறக்குறைய அழிந்துவிட்டது. மாணவனாக அங்கே சென்றபோது முதலில் உமையை மட்டும் வரைந்தேன். அவளுடைய தலைச் சாய்வையும், உடல் சுவரில் தளர்ந்து நிற்கும் விதத்தையும் கோடு கோடாகப் பின்தொடர்ந்தபோது, எதிரே நிகழும் அசைவின் வேகம் என் தோளில் தெரியத் தொடங்கியது. அன்றிரவு கடலூர் திரும்பி அந்த நடனத்தை வரைய ஆரம்பித்தேன். இன்றும் வரைகிறேன், ஒவ்வொரு முறையும் சிவனின் கைகள் வேறாக அமைகின்றன. அவளை அவ்வளவு நேரம் பார்த்திராவிட்டால் இல்லாத நடனத்தை நான் எங்கிருந்து எடுத்திருப்பேன்? கற்பனை என்பது வெறும் தாளின் முன் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்தால் இறங்கி வரும் அருள் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் ஒருநாளும் தூரிகையைப் பிடித்திருக்க மாட்டார்கள்.

ஒரு மாலை கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு உங்கள் தெருமுனையில் நில்லுங்கள். எதையும் குறித்துக்கொள்ளாமல், ஒரு வாசலையும் அதில் அமர்ந்திருப்பவரையும் மட்டும் பாருங்கள். திரும்பி வந்து நினைவிலிருந்து வரையுங்கள். அவர் கை எங்கே இருந்தது என்பது மறந்துபோயிருக்கும். மீண்டும் ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். அந்தத் தோளும் அந்த முதுகும் அப்படி இருந்தால் கை எங்கே இருந்திருக்க முடியும் என்று தாளிலேயே தேடுங்கள். அழித்து அழித்துத் தாள் கிழிந்தாலும் பரவாயில்லை.

அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள். கிழிந்திருந்தால் அப்படியே அனுப்புங்கள்.