ஐ.நா. வேலையில் பதவி உயர்வு மறுக்கப்பட்டால்

அம்மா, வணக்கம். ஜெனீவாவில் ஐ.நா. செயலகத்தில் பி-3 என்ற அதிகாரி நிலையில் இருக்கும் உங்கள் மகளுக்கு அடுத்த மேல்நிலையான பி-4 பதவி கிடைக்கவில்லை, இங்கே ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட முடியாது. ஐ.நா.வின் சலுகைகள், விலக்குரிமைகள் பற்றிய 1946ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஐ.நா.வுக்குச் சட்ட விலக்குரிமை உண்டு. இந்திய நீதிமன்றமும் சரி, சுவிஸ் நீதிமன்றமும் சரி, இதை விசாரிக்காது. ஊழியர் வழக்குகளுக்காக ஐ.நா.வுக்குள்ளேயே தனித் தீர்ப்பாயங்கள் 2009 ஜூலையிலிருந்து இயங்குகின்றன. மகள் போக வேண்டியது அங்கேதான்.

முதலில் தேதியைக் கேளுங்கள். முடிவு எழுத்தில் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நிர்வாக மறுபரிசீலனைக்கு, அதாவது முடிவை நிர்வாகமே திரும்பப் பார்க்கும்படி, மனு கொடுத்தாக வேண்டும். இந்தக் கெடுவைத் தீர்ப்பாயமே நினைத்தாலும் தளர்த்த முடியாது. மேலதிகாரிக்கு மெயில் போட்டுவிட்டு, 'பார்க்கிறோம்' என்ற பதிலை நம்பி உட்கார்ந்திருந்தால் நாள் போய்விடும். ஜெனீவா ஊழியருக்கு நிர்வாகம் 45 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்தால் அந்த நாளிலிருந்து, வராவிட்டால் அந்த 45 நாள் முடிந்ததிலிருந்து, 90 நாட்களுக்குள் முதல் கட்ட நீதிமன்றமான தகராறு தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். அங்கே தோற்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம், ஊழியர் சட்ட உதவி அலுவலகம் கட்டணமில்லாமல் ஆலோசனை தரும்.

சரி, எதைச் சொல்லி வாதாடுவது? 'நான்தான் சீனியர்' என்பது எடுபடாது. நம் அரசு அலுவலகம் போல அங்கே சீனியாரிட்டி பேனல் கிடையாது; காலியிடத்துக்கு விண்ணப்பித்து, போட்டியிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஐ.நா. சாசனத்தின் 101ஆவது பிரிவு திறமையையும் நேர்மையையும்தான் முன்னால் வைக்கிறது. நியாயமாகப் பரிசீலித்தோம் என்று நிர்வாகம் ஓரளவு காட்டிவிட்டாலே போதும், இல்லை என்று தெளிவாக நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில் விழும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011இல் சொல்லிவிட்டது. அதனால் நடைமுறையில் நடந்த தவறைத் தேடுங்கள். விளம்பரத்தில் இல்லாத தகுதியைக் கேட்டு ஒதுக்கினார்களா? ஏற்கெனவே மகளோடு தகராறு உள்ளவர் நேர்காணல் குழுவில் இருந்தாரா?

ஜெயித்தாலும் பதவி கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. தேர்வைத் தீர்ப்பாயம் ரத்து செய்தாலும், அதற்குப் பதில் பணம் கொடுத்து முடித்துக்கொள்ள நிர்வாகத்துக்கு விதியே இடம் தருகிறது. வழக்கமாக அது இரண்டு ஆண்டு அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டாது. இது எனக்கு ஒப்பவே இல்லை. ஆனால் மகள் இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

காலியிட விளம்பரம், முடிவு வந்த மெயில், கடைசி இரண்டு ஆண்டு பணி மதிப்பீடு ஆகியவற்றை இன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த பி-4 விளம்பரம் வந்தால் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காமல் விண்ணப்பித்துவிடட்டும்.