காலையில் மட்டும் காணாமல் போகும் ஹார்டு டிஸ்க்

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏழு வருடப் பழைய டெஸ்க்டாப், 1 டி.பி. ஹார்டு டிஸ்க். காலையில் முதல் முறை ஆன் செய்யும்போது, வாரத்தில் மூன்று நாட்களாவது 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்ற வரியோடு கறுப்புத் திரை நின்றுவிடுகிறது. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் வந்துவிடுகிறது. பிறகு இரவு வரை ஒரு தொல்லையும் இல்லை. ஒருவர் மதர்போர்டு பேட்டரி என்கிறார். இன்னொருவர் டிஸ்க் போய்விட்டது என்கிறார். எதை மாற்றுவது?

பதில்: இன்றைக்கு எதையும் மாற்ற வேண்டாம். விண்டோஸ் வந்திருக்கும் நேரத்தில், தொலைந்தால் திரும்பக் கிடைக்காத கோப்புகளை எல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். அது முடியும் வரை செக்டிஸ்க் போன்ற சோதனைகளை ஓட்டாதீர்கள். நலிந்த டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்தால், இன்னும் சில நாள் தாங்கக்கூடியது அன்றைக்கே படுத்துவிடலாம்.

பேட்டரி மீது எனக்குச் சந்தேகம் இல்லை. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை மதர்போர்டின் கடிகாரத்துக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸே (கணினிக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் பெட்டி) மின்சாரம் தந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் அந்த 3 வோல்ட் சி.ஆர். 2032 பேட்டரிக்கு வேலை. அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி டிஸ்க்கைத் தேடும் மதர்போர்டின் நிரல்) அமைப்புகள் அழியும். அழிந்த அமைப்பு மூன்று விசைகளை அழுத்தியதும் தானாகத் திரும்பி வராது. உங்கள் டிஸ்க்கோ திரும்பி வருகிறது. ஏழு வருடம் ஆகிவிட்டதால் பேட்டரியை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் கழற்றுமுன் பயாஸ் திரைகளை எல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட் முறையோ சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழி) முறையோ மாறிப்போனால் இல்லாத புதுக் கோளாறு ஒன்று வந்து சேரும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட துப்பு, 'காலையில் முதல் முறை' என்பதுதான். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தும்போது மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை. டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்கிறது. முதல் முறை பயாஸ் தேடியபோது தயாராகாமல் இருந்த டிஸ்க், இரண்டாம் முறை தேடும்போது முழு வேகத்தில் சுழல்கிறது. அதாவது, டிஸ்க் தாமதமாக எழுந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

இதை ஊகமாக விட்டுவிடாமல் கையும் களவுமாகப் பிடிக்கலாம். நாளைக் காலை ஆன் செய்ததும் டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். (சில மதர்போர்டுகளில் எஃப்2.) டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்து, ஒரு நாள்கூடக் கறுப்புத் திரை வரவில்லை என்றால் தாமதம்தான் காரணம். பெயர் பட்டியலில் இருந்தும் விண்டோஸ் வரவில்லை என்றால் கதையே வேறு: டிஸ்க்கின் பரப்போ, பூட் வரிசையோ, மறந்துபோய்ச் செருகியே விட்ட பென் டிரைவோ. ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவுக்கா பஞ்சம்?

தாமதம் ஏன் வருகிறது? 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டார், நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் கேட்கும். வேகம் பிடித்தபின் அதில் பாதிகூடத் தேவையில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கெப்பாசிட்டர்கள் வயதானால் குளிர்ந்திருக்கும்போது இன்னும் பலவீனமாக இருக்கும், சூடேறியதும் சற்றுத் தேறிவிடும். இரவெல்லாம் அணைந்து கிடந்த கணினி காலையில் மட்டும் முரண்டு பிடிப்பதற்கு இது பொருந்துகிறது. டிஸ்க்கின் சொந்த மோட்டாரே தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். இரண்டையும் பிரித்தறியுமுன், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைப் பார்க்க வேண்டும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அவை தெரியும். எண்கள் ஹெக்ஸ் முறையில் (இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து) இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். 05, சி5, சி6 ஆகிய வரிகளின் கடைசிப் பத்தியில் பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது இருந்து, அது வாரத்துக்கு வாரம் கூடுகிறது என்றால் டிஸ்க்கின் பரப்பு கெடுகிறது. மாற்றிவிடுங்கள். சி7 கூடுகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் டேட்டா கேபிள். இந்த எண் கேபிளை மாற்றினாலும் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள். 0ஏ என்பது சுழலத் தொடங்கத் திரும்பத் திரும்ப முயன்ற கணக்கு. அது ஏறினால் மின்சாரமா, மோட்டாரா என்பது மட்டுமே மிச்சம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து சாட்டா கேபிளை மாற்றுங்கள். அந்த இணைப்பு சுமார் 50 முறை செருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. தளர்ந்துபோவதில் வியப்பில்லை. எலி கடித்த கேபிளையும் பார்த்திருக்கிறேன். டிஸ்க்குக்கு மின்சாரம் பிரிப்பான் கேபிள் (ஒரு மின் முனையைப் பலவாகப் பிரிப்பது) வழியாகப் போகிறதா என்று கவனியுங்கள். போனால் அதை நீக்கி, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வரும் முனையைச் செருகுங்கள். ஒரு பிரிப்பானின் கறுத்துப்போன பின்னைக் கவனிக்காமல் இரண்டு நல்ல டிஸ்க்குகளை மாற்றிய அனுபவம் எனக்கு உண்டு. பயாஸில் ஃபாஸ்ட் பூட் (தொடக்கச் சோதனைகளைச் சுருக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். டிஸ்க்குக்குச் சில விநாடி கூடுதலாகக் கிடைக்கும்.

அதற்குப் பிறகும் தொடர்ந்தால், தெரிந்தவரிடம் ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். இரவல் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடும் கறுப்புத் திரை வந்தால் டிஸ்க்கின் மோட்டார்தான்.

நேராக ஒரு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க்) போட்டுவிடலாமே என்று சர்வீஸ் செய்பவர் சொல்வார். வேகத்துக்காகப் போடுங்கள், நானும் அதையே சொல்வேன். ஆனால் எஸ்.எஸ்.டி.யில் மோட்டார் கிடையாது, காலையில் 2 ஆம்பியர் கேட்காது. எஸ்.எம்.பி.எஸ். நலிந்திருந்தாலும் கறுப்புத் திரை மறைந்துவிடும், நீங்களும் நோய் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். கழற்றிய பழைய டிஸ்க் மேசை மேல் நல்லபடியாகவே இருக்கும்.